லண்டன் – பாரிஸ்: எதில் போவது?

லண்டனுக்கும் பாரிஸுக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 345 கிலோமீட்டர். சாலை வழியே போனால் 460 பக்கம் வரும். ரயில் பாதை 490-ஐத் தாண்டும். ஆனால் கிளம்பும் வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை எவ்வளவு நேரம் என்பதுதான் முக்கியம். அந்தக் கணக்கில் விமானம் ரயிலிடம் தோற்றுவிடுகிறது.

விமானம் வானில் இருப்பது சுமார் ஒரு மணி நேரம்தான். ஆனால் நகரின் நடுவிலிருந்து ஹீத்ரோவுக்குப் போகவே முக்கால் மணி, ஒரு மணி ஆகும். இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கினால் பாஸ்போர்ட் வரிசை, பெட்டிக்காகக் காத்திருப்பு, அப்புறம் நகருக்குள் போக இன்னொரு ரயில். எல்லாம் கூட்டினால் ஐந்தரை மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும்.

இரு நகரங்களுக்கும் நடுவே ஓடும் யூரோஸ்டார் ரயில் 1994-ல் தொடங்கியபோது மூன்று மணி நேரம் எடுத்தது. 2007-ல் இங்கிலாந்துப் பக்கமும் அதிவேகப் பாதை முழுமையானது. லண்டனில் ரயில் கிளம்பும் ஸ்டேஷனையும் வாட்டர்லூவிலிருந்து செயின்ட் பாங்க்ரஸுக்கு மாற்றினார்கள். இப்போது சுமார் 2 மணி 20 நிமிடம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். நடுவில் 50 கிலோமீட்டர் சுரங்கம், அதில் 38 கடலுக்கு அடியில். டிக்கெட்டில் நேரத்தைப் பார்த்து மூன்றரை மணி நேரப் பயணம் என்று நினைக்க வேண்டாம்: பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது.

ரயிலின் பெரிய பலம் வேகத்தைவிட சோதனை நடக்கும் இடம்தான். பிரெஞ்சு அதிகாரிகள் லண்டன் ஸ்டேஷனிலேயே பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுகிறார்கள். அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும், அவ்வளவுதான். பாரிஸின் கார் து நோர்ட் ஸ்டேஷனில் இறங்கியதும் பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே வெளியே வந்துவிடலாம். ஈஸ்ட் ஹாமில் இருப்பவருக்கு ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயில் மாறாமல் செயின்ட் பாங்க்ரஸை ஒட்டிய கிங்ஸ் கிராஸ் வரை போகும். அந்தப் பக்கம் லா சப்பல் தமிழ்க் கடைகள் ஸ்டேஷனிலிருந்து நடை தூரம். தண்ணீர் பாட்டிலுக்கு 100 மில்லி கட்டுப்பாடும் கிடையாது. மொத்தம் நான்கு மணி நேரம், கொஞ்சம் கூடலாம்.

குறை விலைதான். தேதி நெருங்க நெருங்க டிக்கெட் ஏறிக்கொண்டே போகும். பள்ளி விடுமுறையில் கேட்கவே வேண்டாம். கென்ட் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வருத்தம்: ஆஷ்ஃபோர்டிலும் எப்ஸ்ஃப்ளீட்டிலும் 2020 முதல் யூரோஸ்டார் நிற்பதில்லை. ரயில் ஏற லண்டனுக்கே திரும்பி வர வேண்டும்.

நான்கைந்து பேர் குடும்பமாகப் போனால் நான் காரைத்தான் சொல்வேன். ஃபோக்ஸ்டனில் காரோடு சுரங்க ரயிலில் ஏறினால் 35 நிமிடத்தில் பிரான்ஸ். கட்டணம் வண்டிக்குத்தான், தலைக்கு இல்லை. டோவர்–கலே கப்பல் என்றால் ஒன்றரை மணி நேரம். கலேயிலிருந்து பாரிஸ் வரை சுமார் 290 கிலோமீட்டர், வழியில் சுங்கக் கட்டணம் உண்டு. மொத்தம் ஆறு, ஏழு மணி நேரம்.

பஸ் எட்டு, ஒன்பது மணி நேரம். இரவு பஸ்ஸில் தூங்கிவிடலாம் என்று நம்பாதீர்கள்; எல்லையில் எழுப்பி இறக்கி பாஸ்போர்ட் பார்ப்பார்கள். கையில் காசு குறைவாக இருக்கும் மாணவருக்குச் சரி. வயதான அம்மா, அப்பாவை அதில் அனுப்பாதீர்கள்.