கோர்வைத் தறியா, தனியாள் தறியா?

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் குழித்தறியைச் சென்ற தை மாதம் செப்பனிட்டபோது, உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் (குறுக்கு நூலால்) நெய்து பூட்டும் கோர்வைச் சேலைக்கே மறுபடியும் பாவு (நெடுக்கு நூல்) ஏற்றுவதா, ஒருவரே நெய்யக்கூடிய கோர்வையில்லாத சேலைக்கு மாறிவிடுவதா என்று ஒரு வாரம் பேசினோம்; கோர்வையிலேயே நின்றோம்.

கோர்வையில்லாத சேலையில் ஒரே ஊடை ஓரம் முதல் ஓரம்வரை ஓடுவதால் உடலின் நிறம் கரையிலும் கலந்து தெரியும். கோர்வையில் உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு என ஊடையைக் கொண்டு செல்லும் 3 நாடாக்கள் ஓடுவதால், பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். முன்னதை நான் 8 நாளில் முடிப்பேன். பின்னதற்கு 15 நாள் ஆகும், துணையாளின் கூலியும் என் கூலியிலிருந்தே போகும். வருமானம் மட்டும் போதுமென்றால் தனியாள் தறியே மேல்.

நான் எடைபோட்டது அந்தத் துணையாளின் இடத்தை. கரை ஊடை உடலின் ஊடையோடு எங்கே பூட்டிக்கொள்கிறது, எவ்வளவு இழுத்தால் கரை சுருங்கும், எவ்வளவு தளர்ந்தால் இணைப்பில் இடைவெளி விழும் என்பதை அங்கே அமர்பவர் நாள் முழுவதும் கையாலேயே அறிகிறார். என் தந்தைக்குப் பக்கத்தில் நான் கற்றதும் அப்படித்தான். முன்பு அடை எனும் நூல் கட்டுகளால் எடுத்த பூவேலையை இப்போது ஜக்கார்டுப் பெட்டியின் துளை அட்டைகள் எடுத்துக் கொடுக்கின்றன, எங்கள் தறியிலும் அந்தப் பெட்டி உண்டு, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இணைப்பை இன்றும் கைதான் செய்கிறது. தனியாள் தறியிலோ கற்க வருபவர் நின்று பார்க்கலாம், அல்லது நெய்பவரின் இடத்தையே கேட்டு வாங்க வேண்டும். கணினி ஜக்கார்டு பொருத்திய தறியில் நான் நெய்தவை இரண்டே சேலைகள் என்பதால், அங்கே பழக்குவது எப்படி என்பதில் என் கருத்தைப் பெரிதாகக் கொள்ள வேண்டாம்.

ஒரு காலத்தில் அந்த இடத்தில் சிறுவர்கள் அமர்த்தப்பட்டார்கள், முன்பணத்துக்கு ஈடாகக்கூட. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பள்ளிக்கூடமும் அவர்களை மெல்ல மெல்ல விடுவித்தது மிகவும் நல்லது. அதன்பின் பல வீடுகளில் மனைவியே கரை கோக்கிறார், இருவர் உழைப்புக்கும் ஒரே கூலி வருகிறது. எங்கள் வீட்டில் பட்டப்படிப்பு முடித்த அண்ணன் மகள் தானாகவே வந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தனிக்கூலி என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். அவள் வராதிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

6 மாதத்தில் அவள் கோக்கும் கரை சீராக வருகிறது. முந்திக்கு வேறு நிறப் பாவை இழை இழையாக இணைக்கும் பெட்னியை ஆவணியில் அவள் கையில் கொடுக்கப் போகிறேன்.