கிளட்ச்சும் ஃப்ளைவீலும்: சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டிய ஜோடி

நான்காவது கியர், ஏறுமுகமான சாலை. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தேன். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறியது. வண்டியின் வேகம் அப்படியே நின்றது. சில நொடிகளில் கருகிய வாடை உள்ளே வந்தது. டர்போ பொருத்திய காரின் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தபோது கிளட்ச் பிளேட்டின் முகம் கண்ணாடிபோல் மினுங்கியது. அந்த பிளேட் அழுந்தி உராயும், எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த தட்டுதான் ஃப்ளைவீல். அதில் கட்டைவிரல் அகலத்துக்குச் சூட்டால் வந்த நீலத் திட்டுகள். எஞ்சினுக்குக் கூட்டிய சக்தியைத் தாங்க கம்பெனி கிளட்ச்சால் முடியவில்லை.

கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும் என்பதை நான்கு விஷயங்கள் முடிவு செய்கின்றன: உராய்வுக் குணகம், பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்துப் பிடிக்கும் தட்டு) அழுத்தும் விசை, கிளட்ச் பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. நான்கையும் பெருக்கினால் போதும். உராய்வு 0.3, அழுத்தம் 6000 நியூட்டன், ஆரம் 95 மில்லிமீட்டர், முகங்கள் 2 என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது சுமார் 340 நியூட்டன் மீட்டர். எஞ்சின் 380 கொடுத்தால் வழுக்காமல் என்ன செய்யும்? பரப்பளவு இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதையும் கவனியுங்கள். பரப்பு கூடினால் சூடு பரவும், ஆயுள் நீளும்; பிடி அதிகரிக்காது. எஞ்சினின் உச்ச முறுக்குவிசையைவிட 20 முதல் 30 சதவீதம் கூடுதலாகத் தாங்கும் கிளட்ச்சைத் தேடுவது என் வழக்கம். 380க்கு அது 460இலிருந்து 490 வரை.

அந்த இடத்துக்குப் போக மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ஆர்கானிக் பிளேட்டை (நாரும் பிசினும் கலந்த வழக்கமான கிளட்ச் பிளேட்) வைத்துக்கொண்டு பிரஷர் பிளேட்டை மட்டும் 40 சதவீதம் கடினமாக்குவது. தாங்கும் அளவு 480ஐத் தொடும். பிடிப்பு மெதுவாக, இதமாக வரும். விலை கொடுப்பது இடது கால். கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங், பெடலை மிதித்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், அதைத் தள்ளும் ஃபோர்க் எல்லாமே கூடுதல் சுமையைச் சுமக்கும். சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடியே காத்திருக்கும் பழக்கத்தை அன்றே விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, செராமிக் கலந்த உலோகத் துண்டுகள் பதித்த பிளேட். உராய்வுக் குணகம் 0.45 என்று கொண்டால், பழைய பிரஷர் பிளேட்டிலேயே 510ஐத் தாண்டிவிடும். காகிதத்தில் இதை வெல்ல ஆளில்லை. அதை நம்பித்தான் நானும் முதலில் இதையே மாட்டினேன். பார்க்கிங்கில் பின்னால் எடுக்கும்போதுதான் உண்மை தெரிந்தது. பெடலின் பயணத்தில் ஒரு விரல் தடிமன்தான் அரை கிளட்ச். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை, மேலே போனால் வண்டி குதிக்கிறது. நடுவில் நிறுத்திப் பிடித்தால் டேஷ்போர்டு முழுவதும் உதறுகிறது. ஃப்ளைவீலின் முகத்தையும் வேகமாகத் தின்னும். பந்தயத் தடத்தில் இதே பிளேட் நன்றாக உழைக்கும். அங்கே புறப்படுவது ஒருமுறைதான், கியர் மாற்றங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகின்றன, சூட்டைத் தாங்குவதுதான் தேவை. நெரிசலில் ஊர்ந்து செல்லும் காருக்கு இதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மூன்றாவது, இரட்டை பிளேட். முகங்கள் நான்காகிவிடுவதால் அழுத்தத்தை 4500 நியூட்டனாகக் குறைத்தாலும் 510க்கு மேல் தாங்கும். பெடல் கம்பெனி வண்டிபோலவே லேசாக இருக்கும். செலவும் பொருத்தும் வேலையும் அதிகம். கிளட்ச்சை மிதித்தால் நடுத்தட்டு கலகலவென ஒலிக்கும். 500 நியூட்டன் மீட்டரைத் தாண்டும் எஞ்சினைச் சாலையில் ஓட்டுபவர் இங்கேதான் வந்து சேர வேண்டும்.

இனி ஃப்ளைவீல். இதில் எடையைவிட, அந்த எடை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தூரத்தில் 3 கிலோவைக் குறைப்பதாகக் கொள்வோம். டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர், முதல் கியரின் மொத்த விகிதம் 14 (எஞ்சின் 14 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) என்றால், வேகமெடுக்கும்போது காரின் எடையில் சுமார் 94 கிலோ குறைந்ததற்குச் சமம். மொத்த விகிதம் 4 ஆகும் உயர் கியரில் அதே மாற்றத்தின் மதிப்பு 8 கிலோகூட இல்லை. இலகுவான ஃப்ளைவீலின் பலன் கீழ் கியர்களிலும், கியர் குறைக்கும்போது ஆர்பிஎம்மைச் சட்டென்று தூக்குவதிலும்தான்.

கம்பெனி பொருத்தும் இரட்டை நிறை ஃப்ளைவீலை, அதாவது ஸ்பிரிங்குகளால் இணைந்த இரண்டு தட்டுகளாக வரும் ஃப்ளைவீலை, பலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள், அது நியாயமில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் 800 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு 27 முறை கிராங்க் ஷாஃப்டை உதைக்கிறது. நடுவில் உள்ள வளைந்த ஸ்பிரிங்குகள் அந்த உதையைக் கியர்பாக்ஸுக்குப் போகாமல் விழுங்குகின்றன. அதைக் கழற்றிவிட்டு ஒற்றை நிறை ஃப்ளைவீல் போடுபவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: இரட்டை நிறைக்காக வந்த கிளட்ச் பிளேட்டின் நடுவில் பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது. ஸ்பிரிங் உள்ள பிளேட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அப்படி மாற்றினாலும் ஐடிலிங்கில் கியர்பாக்ஸ் சலசலப்பு கேட்கத்தான் செய்யும். 1990களின் தொடக்கத்தில் வந்த போர்ஷே 964 ஆர்எஸ் இலகுவான ஃப்ளைவீலோடு வந்தது. அந்தச் சலசலப்பு அதன் அடையாளங்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

ஒற்றை நிறையில் எஃகா, அலுமினியமா? அலுமினியம் மிக இலகு. உராயும் இடத்தில் எஃகு வளையம் பொருத்தியிருப்பார்கள், தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்ப எஞ்சினைக் கூடுதலாக முறுக்க வேண்டும். முறுக்கினால் கிளட்ச் கூடுதலாக வழுக்கும், வழுக்கினால் சூடேறும். அரை கிளட்ச்சே இல்லாத செராமிக் பிளேட்டோடு இதைச் சேர்த்தால் ஒவ்வொரு புறப்பாடும் வேதனை. என் முதல் ஜோடி இதுதான். எட்டே மாதத்தில் கழற்றினேன். இப்போது இருப்பது கடினமான பிரஷர் பிளேட், ஆர்கானிக் பிளேட், கம்பெனி எடையில் கால்பங்கு குறைந்த எஃகு ஃப்ளைவீல். எடை குறைந்தும், ஏசி போட்டால்கூட எஞ்சின் அணையவில்லை, ஆர்பிஎம் முள்ளும் முன்பைவிடச் சுறுசுறுப்பாக ஏறுகிறது.

பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலையே கடைசலில் செதுக்கி இலகுவாக்கித் தருவதாக யாராவது சொன்னால் கைகூப்பி மறுத்துவிடுங்கள். அதிக ஆர்பிஎம்மில் வார்ப்பிரும்பு வெடித்தால் துண்டுகள் உறையைப் பிளந்து ஓட்டுபவரின் கால்வரை வரும். பந்தய வாகன உதிரிபாகங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்பான எஸ்எஃப்ஐயின் 1.1 தரச்சான்று இப்படிப்பட்ட விபத்தைத் தடுக்கத்தான் இருக்கிறது. ஃப்ளைவீலில் அந்த முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

கியர்பாக்ஸ் கீழே இறங்கியிருக்கும்போதே ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க எண்ணெய் சீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள். எண்ணெய் கசிந்து ஆர்கானிக் பிளேட்டை நனைத்தால் அது வீண். ஃப்ளைவீல் போல்ட்டுகள் புதிதாக இருக்கட்டும். முதல் 800 கிலோமீட்டர், நின்று நின்று போகும் சாதாரண ஓட்டம் மட்டும். அதுவரை ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்க வேண்டாம்.