வாளி மைக்கும் வாடைக்காலமும்

வலசைப் பறவைகளின் இராச்சத்தத்தைப் பதிய என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதலில் ஒரு பிளாஸ்டிக் வாளி. பூச்சாடிக்குள் மைக்கை வைத்து, வாயை மெல்லிய பொலித்தீனால் மூடும் முறையைப் பரப்பியவர் அமெரிக்கரான பில் எவன்ஸ். அதையே ஒரு பெயின்ட் வாளியில் செய்து, யாழ்ப்பாணத்து அரியாலை வீட்டு மொட்டைமாடியில் சில வாடைக்காலங்களாக வைத்திருக்கிறேன். ஓட்டோ சத்தத்தையும் நாய் குரைப்பையும் வாளியின் சுவர் ஓரளவு மறிக்கும். மேலே இருந்து வருவது நேரே இறங்கும். பொலித்தீனை மட்டும் மேளத் தோல் போல இழுத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரவு முழுக்கப் படபடப்புத்தான் பதிவாகும். “என்ன தம்பி, கள்ளனைப் பிடிக்கவோ வைச்சிருக்கிறியள்?” என்று பக்கத்து வீட்டு அன்ரி இன்னமும் கேட்கிறார்.

ரெக்கோடரின் பதிவுத் தர அமைப்பில் 32 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், மொனோ (ஒற்றைத் தடம்) போதும். மணிக்குச் சுமார் 230 மெகாபைட்; 32 ஜிபி கார்ட் ஒரு வாரத்துக்குத் தாராளம். உப்புக்காற்றில் பற்றரி முனைகள் பச்சை பிடிக்கும், அடிக்கடி துடையுங்கள்.

இரவு முழுக்கப் பதிந்ததை யாரும் குந்தியிருந்து கேட்க முடியாது. ஓடாசிற்றி (Audacity) என்ற இலவசக் கணினி மென்பொருளில் ஸ்பெக்ரோகிராமாக, அதாவது ஒலியின் படமாகத் திறந்தால் குரல்கள் கீறல்களாகத் தெரியும்; சுருதி கூடக் கூடக் கீறல் மேலே இருக்கும். சின்னக் கோட்டான் (Whimbrel) என்ற கரைப்பறவை ஒரே உயரத்தில் ஏழெட்டுக் கீறலை மடமடவென்று போடும். பச்சைக்கால் உள்ளானுக்கு (Greenshank) பெரும்பாலும் மூன்று. அகலமான அழுக்குத் திட்டு என்றால் வக்கா, இராக்கொக்கு. அது நம்மூர்க்காரர், விடுங்கள்.

பெயர் சொல்லும் செயலிகள் பகல் பாட்டுக்கு நல்லவை. பறந்துகொண்டே போடும் அரைச் செக்கன் குரலில் தடுமாறுகின்றன. அதைவிடப் பகலில் பண்ணைப் பாலத்தடியில் நின்று, கரைப்பறவைகள் எழும்பும்போது கேட்பது மேல். இரவிலும் அதே குரல்தான்.

ஒன்று: கேட்டதெல்லாம் வலசை அல்ல. கடனீரேரியில் மாரி கழிக்கும் பறவைகளும் இரை தேடி இரவில் இடம் மாறும். ஒரே கோட்டான் வட்டமடித்துப் பத்துத் தரம் கத்தலாம். ஆகவே குரல் எண்ணிக்கையைப் பறவை எண்ணிக்கையாகச் சொல்லாதீர்கள்.

ஆவணி கடைசியிலிருந்து வையுங்கள். ஐப்பசியில் வாடை திரும்பும் இரவுகள்தான் எனக்குப் பிடித்தவை. மழை இறங்கிவிட்டால் மாரித் தவளை ஒன்றும் கேட்க விடாது. மார்கழியில் விடியப்புறம் திருவெம்பாவைச் சங்கும் சேமக்கலமும் சேர்ந்துகொள்ளும். குறை சொல்ல மனமில்லை.

காசு இருந்தால் சொந்த இரைச்சல் (மைக் தானே எழுப்பும் ‘ஸ்ஸ்’) குறைந்த மைக்குக்குக் கொடுங்கள். ரெக்கோடர் சாதாரணமானதே போதும்.