‘96’: கை படாத தூரத்தில் ஓடும் ஒரு ராத்திரி

சி. பிரேம்குமார் இயக்கி 2018 அக்டோபரில் வந்த ‘96’ படத்தின் கதையை நாலு வரியில் முடித்துவிடலாம். 1994, தஞ்சாவூர். பத்தாம் வகுப்பில் ராமுக்கும் ஜானுவுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போகிறது. ராமின் அப்பா கடன் தொல்லையில் ஊரைக் காலி செய்ய, தொடர்பு அறுந்துபோகிறது. 22 வருஷம் கழித்துச் சென்னையில் கூடப் படித்தவர்கள் எல்லாம் கூடுகிறார்கள். ஜானு சிங்கப்பூரிலிருந்து வருகிறாள். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. ராம் இன்னும் தனியாள். விடிந்தால் அவளுக்கு விமானம்.

படம் 158 நிமிஷம். வில்லன் இல்லை, சண்டை இல்லை, சாதிப் பிரச்சினை இல்லை, வீட்டில் எதிர்ப்புகூட இல்லை. அப்படியிருந்தும் அந்த ராத்திரி நம்மைப் பிடித்து உட்கார வைக்கிறது என்றால், காரணம் உணர்ச்சி மட்டும் இல்லை. எதை எப்போது தரக்கூடாது என்று திரைக்கதையில் போட்டு வைத்திருக்கும் கணக்குதான் காரணம்.

பள்ளிக்கூடக் காட்சியில் ஜானு ராமின் நெஞ்சில் கையை வைத்துப் பார்ப்பாள். பையன் மயங்கி விழுந்துவிடுவான். தியேட்டரில் சிரிப்பு வரும் இடம் அது. ஆனால் ஒரு தொடுதலுக்கு இந்தப் படத்தில் என்ன விலை என்பதை அங்கேயே நிர்ணயித்துவிடுகிறார்கள். அதன்பின் ராத்திரி முழுக்க ஓட்டல் அறை, தெரு, மெட்ரோ ரயில், ராமின் வீடு என்று இரண்டு பேரும் சுற்றுகிறார்கள். நடுவில் எப்போதும் கொஞ்சம் இடைவெளி. அவள் ஒரு அடி நெருங்கினால் இவன் அரை அடி ஒதுங்குவான். பிரேம்குமார் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். 2012இல் வந்த ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ படத்துக்குக் கேமரா பிடித்தவர். இரண்டு உடம்புக்கு நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை வசனகர்த்தாவாக யோசிக்காமல் ஃபிரேமாக யோசித்திருக்கிறார். அதனால்தான் கடைசியில் விமான நிலையத்துக்குப் போகும் காரில், கியர் மேல் இருக்கும் அவன் கையில் அவள் கை படுவது படத்தின் மிகப் பெரிய சம்பவமாகிவிடுகிறது. அந்தத் துண்டை மட்டும் யூடியூபில் பார்த்தவர்களுக்கு ‘இதில் என்ன இருக்கிறது’ என்றுதான் தோன்றும். முன்னாடி ரெண்டு மணி நேரம் சேர்த்து வைத்ததைத்தான் அங்கே செலவு செய்கிறார்கள்.

இதே கணக்கு பாட்டிலும் ஓடுகிறது, அங்கே இன்னும் அழகாக. எஸ். ஜானகியின் பெயரை வைத்திருக்கும் ஜானு வகுப்பில் கேட்டதெல்லாம் பாடுவாள். ராம் கேட்கும் ஒரே பாட்டை மட்டும் பாட மாட்டாள்: ‘தளபதி’யில் வரும் ‘யமுனை ஆற்றிலே’. 1991இல் வந்த படம் அது. 1994இல் பத்தாவது படித்த பிள்ளைகளுக்கு கேசட் தேயத் தேயக் கேட்ட பாட்டு. எத்தனை முறை கேட்டாலும் வேறொன்றைப் பாடி வெறுப்பேற்றுவாள். அந்தக் கடன் அப்படியே 22 வருஷம் நிற்கிறது.

ராமின் வீட்டில் மின்சாரம் போகிறது. வெளிச்சத்துக்கு ஏதாவது எடுக்க அவன் உள்ளே போயிருக்கும்போது, இருட்டிலிருந்து எந்த அறிவிப்பும் இல்லாமல் அந்தப் பாட்டைத் தொடங்குகிறாள். அவன் தட்டுத் தடுமாறி ஓடி வருகிறான். பாட்டுக்காகக் காத்திருந்தவன் அது வந்த நேரத்தில் பக்கத்தில் இல்லை என்பதே ஒரு சின்னக் குரூரம். வாத்தியம் எதுவும் இல்லாத வெறும் குரல். இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜானுவாக நடித்த த்ரிஷாவுக்கு டப்பிங் பேசியவர் சின்மயி, பாடியவரும் அவரே. நம் படங்களில் நாயகி ஒரு குரலில் பேசுவாள், பாட்டு வந்ததும் வேறொரு குரலுக்குத் தாவிவிடுவாள். நாமும் அதற்குப் பழகிவிட்டோம். இந்தக் காட்சியில் அந்த ஒட்டு தெரியவில்லை. பேசிக்கொண்டிருந்த அதே பெண்தான் பாடுகிறாள் என்று காது நம்புகிறது. இரண்டுக்கும் இரண்டு பேரை வைத்திருந்தால் காட்சி பாதி செத்திருக்கும்.

பாட்டின் விஷயமும் தற்செயல் இல்லை. கண்ணன் வராமல் ராதை காத்திருக்கும் பாட்டு அது. ‘தளபதி’யிலும் அந்த ஜோடி சேர்வதில்லை. படம் இதை யார் வாயாலும் விளக்கவில்லை. தெரிந்தவர்களுக்கு ஒரு சுற்று கூடுதலாக வலிக்கும், அவ்வளவுதான்.

திரைக்கதையில் எனக்கு அதைவிடப் பெரிய சாமர்த்தியமாகத் தெரிவது ராமின் மாணவிகள் வரும் காட்சி. ராம் புகைப்படம் சொல்லிக்கொடுப்பவன். அவனிடம் படிக்கும் பெண்கள் ஜானுவை அவன் மனைவி என்று நினைத்துக்கொண்டு, எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்கிறார்கள். அவள் மறுக்காமல் ஒரு கதையை எடுத்து விடுகிறாள். அதற்கு முன்பே ஒரு உண்மை நமக்குத் தெரியும்: ராம் அவளைத் தேடிக் கல்லூரிக்கு வந்திருக்கிறான், தொந்தரவு செய்துகொண்டிருந்த வேறொருவன் என்று நினைத்து அவள் பார்க்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறாள். மாணவிகளிடம் அந்த நாளையே மாற்றிச் சொல்கிறாள். அவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார்கள். பக்கத்தில் ராம் உட்கார்ந்திருக்கிறான். நடக்காத ஒரு வாழ்க்கையை ஃபிளாஷ்பேக்கோ கனவுப் பாட்டோ இல்லாமல் ஒரு பொய்யாலேயே காட்டிவிட முடியும் என்பதற்கு இதுபோல வேறு உதாரணம் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. த்ரிஷாவின் திரை வாழ்க்கையில் இதுதான் உச்சம் என்று வாதிடத் தயார்.

ராமாக வரும் விஜய் சேதுபதி இதில் தன்னைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார். குனிந்த தலை, முடிக்காத வாக்கியம், உட்காரும்போதுகூட இடம் அடைக்காத உடம்பு. சின்ன வயது ராமாக வரும் ஆதித்யா பாஸ்கரும் (எம்.எஸ். பாஸ்கரின் மகன்) இவரும் முகச்சாயலில் ஒன்றும் ஒத்துப்போகவில்லை, அந்தக் கூச்சம்தான் இரண்டு பேரையும் ஒரே ஆளாக்குகிறது. கௌரி கிஷனின் ஜானு, பிற்பாடு த்ரிஷா செய்யும் அதிகாரத்துக்கெல்லாம் முன்கூட்டியே அஸ்திவாரம் போட்டுவிடுகிறாள். நண்பர்களாக வரும் பகவதி பெருமாள், தேவதர்ஷினி, ஆடுகளம் முருகதாஸ் மூவரும் சும்மா சிரிப்புக்கு இல்லை. இந்த இரண்டு பேரும் ராத்திரி தனியாகச் சுற்றினால் என்ன ஆகுமோ என்று நமக்கு வரும் சந்தேகத்தை அவர்கள் பட்டுவிடுவதால், நாம் நிம்மதியாக ராமையும் ஜானுவையும் பார்க்க முடிகிறது.

குறை இல்லாமல் இல்லை. கல்லூரிக் குழப்பம் பலவீனமான முடிச்சு. வந்தவன் பேரை ஒருதரம் சரியாகக் கேட்டிருந்தால் படமே இல்லை. இசையமைப்பாளர் கோவிந்த் வசந்தாவின் வயலின் பல இடங்களில் அருமை. சில இடங்களில் நாம் அழ வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று முன்னாடியே வந்து நிற்கிறது. ராமின் தொடக்கப் பயணப் பாட்டு நீளம்தான். ஆனால் காடு மலை பாலைவனம் என்று சுற்றுகிறவன் உள்ளுக்குள் ஒரு அடிகூட நகரவில்லை என்று பிறகு தெரியும்போது அதற்கு ஒரு நியாயம் கிடைக்கிறது, மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது வேறு. ராமின் பிரம்மச்சரியத்தைப் படம் பதக்கம் மாதிரி குத்திக்கொள்கிறது. ஜானு அதைப் பற்றிக் கேட்பதும் இவன் நெளிவதும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் காத்திருந்த ஆண் புனிதன் ஆகிவிட, கல்யாணம் செய்துகொண்ட பெண்தான் விளக்கம் சொல்ல வேண்டியவளாக நிற்கிறாள். அவளுடைய சிங்கப்பூர் வாழ்க்கை எப்படிப்பட்டது? கணவன் எப்படிப்பட்டவன்? கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. அந்த மனுஷனுக்கு ஒரு நல்ல காட்சி கொடுத்திருந்தால் அவள் திரும்பிப் போவதன் எடை கூடியிருக்கும். இப்போது அவள் விமானத்துக்குப் போகிறாள். எங்கே போகிறாள் என்பது நம் மனசில் பதியவில்லை.

தெலுங்கில் 2020இல் ‘ஜானு’ என்று பிரேம்குமாரே மறுபடி எடுத்தார், கன்னடத்தில் வேறொருவர் ‘99’ என்று எடுத்தார். தமிழ் தெரிந்தவர்களுக்கு இரண்டும் தேவையில்லை.

பார்க்கப்போகிறவர்களுக்கு: த்ரிஷா வருவதற்கே கணிசமான நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள், பள்ளிப் பகுதியை ஓட்டிவிட்டால் மிச்சம் எதுவும் வேலை செய்யாது. டிவியில் வேண்டாம். படம் வெளியாகி ஒரு மாதம் ஆனதுமே தீபாவளிக்குச் சன் டிவியில் போட்டார்கள். ஒரே மூச்சாக ஓட வேண்டிய ராத்திரியைப் புடவைக்கடை விளம்பரம் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் வெட்டினால் சேர்த்து வைத்த தூரமெல்லாம் வீண். மின்சாரம் போகும் காட்சிக்காகவாவது ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் அந்தக் குரலின் மூச்சு கேட்காது.