கட்டுரையை யாரிடம் கொடுப்பது: காசுக்கா, கருவிக்கா, டீச்சருக்கா, சீனியருக்கா?

மலையகத்துச் சரிவுகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் யாரும் முதல் பந்தியில் 2014 ஒக்டோபர் 29ஐத் தொடாமல் போவதில்லை. அன்றுதான் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களை மூடியது. நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். கட்டுரை என்னவோ அட்டன் பக்கத்துத் தோட்டப் பாதை ஒன்றைத் தாங்கி நிற்கும் சுவரைப் பற்றியது. அனுப்பிய சில வாரங்களில் திரும்பி வந்துவிட்டது. கட்டுரையை மதிப்பிடும் ரிவியூவரின் முதல் குறிப்பு: ஆங்கிலத்தைத் திருத்துங்கள்.

இந்த வரியைப் பார்த்ததும் ஓடுவதற்கு நமக்கு நாலு இடங்கள் இருக்கின்றன. நான் நாலு இடத்துக்கும் போய் வந்தவன்.

முதலில் காசு கொடுத்துச் செய்யும் எடிட்டிங் சேவை. சொற்களை எண்ணித்தான் கட்டணம், அதுவும் டொலரில். சொல்லுக்கு 5 சதம் என்று வைத்துக்கொண்டால் 7,000 சொல் கட்டுரைக்கு 350 டொலர். டொலர் 300 ரூபா என்றால் 1,05,000 ரூபா. 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட எழுபத்தெட்டு நாள் கொழுந்து. அம்மாவிடம் இந்தக் கணக்கை நான் சொல்லவே இல்லை.

கொடுத்த காசுக்கு வேலை சுத்தம்தான். ஒவ்வொரு திருத்தமும் தடம் தெரியும்படி வரும், ஓரத்தில் கேள்விகள் இருக்கும், கடைசியில் ஒரு சான்றிதழும் தருவார்கள். ஆனால் அந்தச் சான்றிதழ் இருப்பதால் கட்டுரை ஏற்கப்படும் என்று நினைக்கக் கூடாது. இத்தகைய சேவைகளை நடத்தும் பெரிய பதிப்பகங்களே அதை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கின்றன. பிரசுரமாகும் என்று யாராவது உத்தரவாதம் தந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இன்னொன்று, அவர்கள் திருத்துவது மொழியை. என் சுருக்கத்தில் பாதுகாப்புக் காரணி (சுவரின் தாங்குதிறன் தேவையைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) 1.28 என்றும் அட்டவணையில் 1.31 என்றும் இருந்தது. இரண்டு இடத்திலும் இலக்கணம் அழகாகத் திருந்தி வந்தது. எண்கள் அப்படியே வந்தன.

அடுத்தது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள். சட்ஜிபிடி, கிராமர்லி என்று எதை எடுத்தாலும் செலவு சொற்பம், நேரம் நிமிடக் கணக்கு. இரவு பதினொரு மணிக்கு மழை அடித்துக்கொண்டிருக்கும்போது வேறு யார் நமக்குத் திருத்தித் தருவார்கள்? ஆர்ட்டிகிள் பிழை, ஒருமை பன்மைக் குழப்பம், நாலு வரிக்கு நீளும் வாக்கியம் எல்லாவற்றையும் நன்றாகவே பிடிக்கும். சரி, வில்லங்கம் எங்கே என்றால், அது ஓசைக்கு ஏற்றபடி சொல்லை மாற்றிவிடும். நான் 'கெரக்டரிஸ்டிக் ஸ்ட்ரெங்த்' என்று எழுதியிருந்தேன். வாசிக்க இலகுவாக இருக்கட்டும் என்று அது 'டிப்பிகல் ஸ்ட்ரெங்த்' ஆக்கிவிட்டது. முதலாவதற்கு வரைவிலக்கணம் உண்டு: சோதனை முடிவுகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் அதற்குக் கீழே விழக் கூடாது. இரண்டாவது வெறும் பேச்சு. கட்டமைப்புப் பொறியியல் தெரிந்த ரிவியூவர் இதைப் பார்த்தால், எழுதியவனுக்கு அடிப்படையே தெரியாது என்று முடிவு கட்டுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இதே போல 'ரெசிடியூவல் சொயில்', 'கொலூவியம்' இரண்டையும் ஓரிடத்தில் 'லூஸ் சொயில்' என்று ஒன்றாக்கியிருந்தது. முன்னது பாறை இருந்த இடத்திலேயே உக்கி உண்டான மண். பின்னது மேலே இருந்து வழுக்கி வந்து அடிவாரத்தில் படிந்த மண். நம் மலைகளில் ஒரு வீடு நிற்குமா விழுமா என்பதே பல இடங்களில் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

கருவியைப் பாவித்ததைச் சொல்ல வேண்டுமா என்பதிலும் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் நடைமுறை வேறு. எல்செவியரில் எழுத்துப்பிழை, இலக்கணம், நிறுத்தக்குறி பார்ப்பதைத் தாண்டிப் போனால் அறிவிக்கச் சொல்கிறார்கள். ஸ்பிரிங்கர் நேச்சரில் மொழித் திருத்தத்துக்கு மட்டும் என்றால் அறிவிக்கத் தேவையில்லை. ஆசிரியர் பட்டியலில் கருவியின் பெயரைப் போட எங்கேயும் விடமாட்டார்கள். அப்புறம், உசாத்துணைகளை மட்டும் அதன் கையில் கொடுக்காதீர்கள். பிறக்காத கட்டுரைக்கும் அது பக்க எண் போடும்.

மூன்றாவது ஊரில் இருக்கும் ஆங்கில டீச்சர். எனக்குப் பள்ளியில் படிப்பித்தவர், இப்போது ஓய்வு. ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பி எழுதாதே என்று அன்று சொன்னவர் இன்றும் அதையே செய்தார். என் 'லோட்' ஒரு பந்தியில் 'வெயிட்' ஆகி, அடுத்த பந்தியில் 'பர்டன்' ஆகியிருந்தது. பொறியியலில் ஒரு பொருளுக்கு ஒரே சொல்தான், அலுத்தாலும் அதேதான். இதை டீச்சருக்கு விளக்க ஒரு பின்னேரமே போனது. ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, இந்தச் சுவர் விழுந்தா யாருக்கு என்ன நடக்கும்? அத எங்கயும் காணோமே." எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். சுவருக்குக் கீழே லயன் இருக்கிறது என்று ஒரு வரி எழுதவில்லை. காசு வாங்கியவர்களும் கேட்கவில்லை, கருவியும் கேட்கவில்லை.

கடைசியாக, துறையைத் தெரிந்த நம் ஆள். மேற்பார்வையாளர் சேர் பார்த்தால் நல்லதுதான், ஆனால் "பார்த்துச் சொல்றன்" என்ற சொல்லுக்கும் பார்ப்பதற்கும் நடுவில் ஒரு பருவமழை போய்விடும். நான் போனது பேராதனையில் எனக்கு இரண்டு வருஷம் முன்னால் படித்த சீனியரிடம். அச்சடித்த தாளோடு ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். சிவப்புப் பேனாவை எடுத்து ஆங்கிலத்தை விட்டுவிட்டு எண்களைச் சுழித்தார். 150 மில்லிமீற்றர் மழை என்று எழுதியிருந்தேன். "எத்தனை மணித்தியாலத்தில?" என்றார். 24 மணித்தியாலத்தில் 150 என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களை வெளியேறச் சொல்லும் அளவு. அதுவே ஒரு மணித்தியாலத்தில் என்றால் கதை வேறு. கொங்கிரீட்டின் வலிமைக்கு வெறும் 30 என்று போட்டிருந்தேன். "கியூப்பா, சிலிண்டரா?" என்றார், அதாவது நசுக்கிச் சோதித்த கொங்கிரீட் துண்டு கனசதுரமா உருளையா என்று. பழைய பிரித்தானிய நியமத்தில் ஊறிய நமக்கு அது கியூப்தான், சொல்லத் தேவையில்லை. ஐரோப்பிய நியமமான யூரோகோடில் அதே கொங்கிரீட் சி25/30, அதாவது சிலிண்டரில் 25, கியூபில் 30. வெளிநாட்டு ரிவியூவர் எதை எடுப்பார்?

1.28, 1.31 சங்கதியும் அந்த மேசையில்தான் பிடிபட்டது. ரிவியூவர் ஆங்கிலம் என்று எழுதியதில் பாதி, உண்மையில் இந்த மாதிரி இடங்களில் அவருக்கு வந்த தடுமாற்றம் என்றே நினைக்கிறேன். வாக்கியம் புரியவில்லை என்றால் முதலில் மொழியைத்தான் சந்தேகிப்பார்கள். சீனியரின் குறை என்னவென்றால் அவருடைய ஆங்கிலமும் என்னுடையது மாதிரிதான்.

எனக்கு இப்போது வரிசை இதுதான். முதலில் சீனியர், தாளில். அடுத்து முன்னுரையை மட்டும் டீச்சரிடம். அதற்குப் பிறகு கருவி; ஆனால் மாற்றக் கூடாத துறைச்சொற்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டு, பந்தி பந்தியாக. காசுச் சேவை, பல்கலைக்கழகமோ திட்ட நிதியோ கட்டினால் மட்டும். இல்லாவிட்டால் சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் கொடுக்கலாம், அறுநூறு சொல்லுக்குள் அடங்கிவிடும். கட்டுரையின் முக்கிய முடிவுகளைத் தனி வரிகளாக, ஹைலைட்ஸ் என்று கேட்கும் ஜேர்னல் என்றால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். எல்செவியரில் அது மூன்று முதல் ஐந்து வரி, ஒவ்வொன்றும் இடைவெளி உட்பட 85 எழுத்துக்குள்.

திருத்திய கட்டுரை இரண்டாம் சுற்றில் இருக்கிறது. புதிய குறிப்புகளில் ஆங்கிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வடிகால் குழாய்களுக்கு ஏன் அந்த இடைவெளி என்று கேட்டிருக்கிறார்கள்.