மடையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்: குமரி வயலுக்கு எந்த இயற்கை வேளாண் உதவித்தொகை?

யூரியாவையும் களைக்கொல்லியையும் விட்டு வரும் விவசாயிக்குப் பணம் தரும் திட்டங்கள் இப்போது ஒன்றுக்கு மேல் உள்ளன. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, அடுத்துக் கும்பப்பூ என்று ஆண்டுக்கு இரண்டு பூ (போகம்) நெல் போடுகிறவரும், விளவங்கோடு பக்கம் ஏலாவில் (பள்ளத்து வயலில்) வாழை வைத்திருப்பவரும் கேட்பது ஒன்றுதான்: எதில் சேர்வது? ஒரே சர்வே எண்ணைக் காட்டி இரண்டிலும் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட முடியாது. ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஏக்கருக்குள் நெல்வயல் வைத்திருப்பவருக்குத் தேசிய இயற்கை வேளாண்மை இயக்கமே பொருந்தும். நான் தேர்ந்ததும் அதைத்தான். மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த திட்டம் அது. அதற்குப் போட்டியாக நிற்பது 2015-16 முதல் நடக்கும் பாரம்பரிய வேளாண்மை வளர்ச்சித் திட்டம், அதாவது பி.கே.வி.ஒய்.

பணக் கணக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பி.கே.வி.ஒய்.யில் ஹெக்டேருக்கு 3 ஆண்டுக்கு ரூ.31,500 என்பது பெரிய தொகையாகத் தெரியும். அதில் இடுபொருளுக்கென்று விவசாயியின் வங்கிக் கணக்குக்கு நேராக வருவது ரூ.15,000 மட்டுமே. மிச்சம் பயிற்சி, சான்று, எச்சப் பரிசோதனை, சந்தைப்படுத்தல் என்று குழு வழியாகச் செலவாகும். ரூ.15,000 என்பதை ஏக்கருக்கு மாற்றினால் 3 ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.6,000; ஆண்டுக்கு ரூ.2,000, இரண்டு பூ போடும் வயலில் ஒரு பூவுக்கு ரூ.1,000. இயற்கை வேளாண்மை இயக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு ரூ.4,000, இரண்டு ஆண்டுக்கு. ஒரு பூவுக்கு ரூ.2,000. ஆனால் ஒருவருக்கு ஒரு ஏக்கர்தான் உச்சவரம்பு, பி.கே.வி.ஒய்.யில் 2 ஹெக்டேர் வரை போகலாம். ஐந்து ஏக்கர் உள்ளவருக்கு மொத்தத் தொகையில் பழைய திட்டம் முந்தும். 50 சென்ட், 60 சென்ட் என்று துண்டு துண்டாகக் கிடக்கும் நம் மாவட்டத்தில் அந்த உச்சவரம்பு பெரும்பாலோரைத் தொடப்போவதில்லை.

இரண்டும் கேட்பதிலும் வேறுபாடு உண்டு. பி.கே.வி.ஒய். அங்கக (ஆர்கானிக்) வேளாண்மை. மண்புழு உரம், வேப்பம்பிண்ணாக்கு, உயிர் உரம் எல்லாம் கடையில் வாங்கிப் போடலாம். புதிய இயக்கம் மாட்டையும் பண்ணைக்குள் கிடைப்பதையும் நம்பச் சொல்கிறது. மாடு இல்லாதவர் உயிரி இடுபொருள் வள மையத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம். தொழுவம் காலியான வீடுகள் நிறைந்த ஊரில் இது சின்னத் தடை இல்லை. மையம் தூரமாக இருந்தால் 200 லிட்டர் ஜீவாமிர்தக் கரைசலை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவரும் கூலியே உதவித்தொகையைத் தின்றுவிடும். பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் சாணமும் கோமியமும் கிடைக்குமா என்று முதலில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, முடிவை நிர்ணயிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வயலுக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் கால்வாயிலிருந்து குளத்துக்கும், குளத்து மடையிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து மேல்வயலுக்கும் போகிறது. அங்கிருந்து வரப்பில் வெட்டிய திறப்பான வாமடை வழியாகக் கீழ்வயலுக்கு இறங்குகிறது. ஓடையிலிருந்து நேர் மடை உள்ள வயல்கள் குறைவு. நாலைந்து பேர் வயலைக் கடந்து தண்ணீர் வாங்கும் வயல்களே அதிகம். மேல்வயல்காரர் நட்ட மூன்றாம் நாள் களைக்கொல்லியை மணலில் கலந்து தூவுகிறார், தண்ணீரை நிறுத்தி வைத்தபடியே. இரவு மழை பெய்து வரப்பு வழிந்தால் அது உங்கள் வயலில்தான். மேலுரமாக யூரியா வீசினால், அது மண்ணில் பிடிக்கும் முன் முதல் சில நாட்கள் நிற்கும் தண்ணீரில் கரைந்தே இருக்கிறது. அந்த நாட்களில் வாமடை திறந்திருந்தால் அவர் காசு கொடுத்து வாங்கிய யூரியாவில் ஒரு பங்கு உங்கள் நெல்லுக்கு வந்து சேரும். நெல் கருத்து நிற்பதைப் பார்த்துக் கரைசல் வேலை செய்கிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

இது எந்தத் திட்டத்தில் எப்படி அடிக்கும்? பி.கே.வி.ஒய்.யின் சான்று பி.ஜி.எஸ். எனும் பங்கேற்புச் சான்று முறையில் வருவது. குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்த குழு. ஒருவர் வயலை மற்றவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாற்றக் காலத்தில் பசுமைச் சான்று, அது முடிந்தபின் அங்ககச் சான்று. அதன் மொத்த மதிப்பும் மூன்றாம் ஆண்டில் கிடைக்கும் அந்த முத்திரையில் இருக்கிறது. கீழ்வயல்காரரின் நெல்லில் களைக்கொல்லி எச்சம் தென்பட்டால் அவரோடு நிற்காது, குழுவின் பெயரே இழுபடும். தவறு செய்தவர் குழுவிலேயே இல்லாத மேல்வயல்காரர். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உறவும் ஊரும் கலந்த இடத்தில் இந்தப் பழி தாங்க முடியாதது. இயற்கை வேளாண்மை இயக்கத்தின் தொகை உங்கள் வயலில் நீங்கள் செய்யும் நடைமுறைக்கானது. பக்கத்து வயல் தண்ணீர் வருவது அங்கேயும் நல்லதல்ல. ஆனால் மூன்று ஆண்டு உழைப்பு ஒரு மழை இரவில் கைவிட்டுப் போகாது.

ஆகவே, கூட்டத்துக்குப் போகும் முன் வயலைச் சுற்றி ஒரு நடை நடந்து, தண்ணீர் ஏறும் மடை எது, யார் வயலைக் கடந்து வருகிறது, எங்கே வடிகிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். ஒரே மடைக்குக் கீழ் உள்ள எல்லோரும் சேர்கிறார்கள் என்றால் பி.கே.வி.ஒய். தாராளமாக எடுக்கலாம். மேல்வயல் மூன்றில் ஒருவர் வெளியே நின்றாலும் நெல்லுக்கு அது வேண்டாம் என்பேன்.

எதில் சேர்ந்தாலும் செய்ய வேண்டிய காவல் வேலைகள் சில. மேல்வயல்காரர் களைக்கொல்லி போடும் நாளைக் கேட்டு வைத்து, அன்றிலிருந்து ஒரு வாரம் உங்கள் வாமடையை மண் போட்டு அடையுங்கள். அதற்கு அவர் நடும் நாளும் நீங்கள் நடும் நாளும் நெருங்கியிருக்க வேண்டும். பதினைந்து நாள் இடைவெளி விழுந்தால் அவர் மருந்து போடும்போது உங்களுக்குத் தண்ணீர் தேவைப்படும். மேல்வரப்பை அரை அடி உயர்த்தி, நண்டு வளைகளைச் சேற்றால் அடைத்து வையுங்கள். வரப்பு உடைப்பதைவிட நண்டு வளையில் கசிவதே அதிகம், கண்ணுக்கும் தெரியாது. தண்ணீர் ஏறும் மூலையில் ஒரு சென்ட்டைத் தனியாகப் பிரித்துச் சேம்பு நட்டால், வரும் தண்ணீர் அதில் தங்கி வண்டல் படிந்து பிறகு நெல்லுக்குப் போகும். அந்த ஒரு சென்ட் விளைச்சலை இயற்கை விளைச்சலோடு சேர்க்காதீர்கள். தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் தண்ணீரோடு காற்றையும் கணக்கில் எடுங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கணவாயில் வீசும் மேல்காற்றில், மேற்கே அடிக்கும் மருந்து வரப்பைத் தாண்டிப் பல வரிசை உள்ளே வரும். மேற்கு எல்லையில்தான் உயிர்வேலி வேண்டும்.

விளையிலும் (மேட்டுத் தோட்டத்திலும்) வீட்டுப் புரையிடத்திலும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அங்கே யார் வயலையும் கடந்து தண்ணீர் வருவதில்லை. கிணறு அல்லது மழை. மட்டி, செவ்வாழை, மிளகு, தேங்காய் என்று முத்திரைக்கு விலை கிடைக்கக்கூடிய விளைபொருளும் அங்கேதான். மட்டி வாழைக்கும் கன்னியாகுமரி கிராம்புக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அதோடு அங்ககச் சான்றும் சேர்ந்தால் விற்பவர் பேச இடம் கிடைக்கும். இங்கே பி.கே.வி.ஒய். நல்ல தேர்வு. ஒரு எச்சரிக்கை: பி.ஜி.எஸ். சான்று உள்நாட்டு விற்பனைக்கு மட்டுமே. கிராம்பையோ மிளகையோ ஏற்றுமதியாளரிடம் அங்ககம் என்று கொடுக்க வேண்டுமானால் என்.பி.ஓ.பி. எனும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டச் சான்று தேவை, பல்லாண்டுப் பயிருக்கு அதன் மாற்றக் காலம் 36 மாதம். மறுபக்கம், ஆண்டு விற்பனை ரூ.12 லட்சத்துக்குள் இருந்து உண்பவருக்கே நேராக விற்கும் சிறு விவசாயிக்கு அங்ககம் என்று சொல்லி விற்க 2017 உணவுப் பாதுகாப்பு விதி சான்றிலிருந்து விலக்கு தருகிறது, அங்கக உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையை மட்டும் போடக் கூடாது. தெரிந்த வீடுகளுக்கு நெல் குத்திக் கொடுப்பவருக்கு முத்திரை அவ்வளவு அவசியமில்லை என்பதும் என் சாய்வுக்கு ஒரு காரணம். தென்னையில் என் அனுபவம் மெலிது. நெல், வாழை அளவுக்கு அதைப் பற்றி உறுதியாகப் பேச மாட்டேன்.

பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்துச் செய்கிறவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் சம்மதம் இல்லாமல் எதிலும் நகர முடியாது. நம் ஊரில் பாட்டம் பெரும்பாலும் வாய்ப்பேச்சு. மூன்று ஆண்டு வாக்கு வாங்குவதைவிட இரண்டு ஆண்டு வாக்கு வாங்குவது எளிது. தொகை நிலத்துக்கு உடையவர் கணக்குக்குப் போனால் அதைப் பாட்டத்தில் கழித்துக்கொள்வதாக ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் மண் தேறிய வயலை அவர் திரும்பக் கேட்டால் நஷ்டம் உங்களுக்கு.

மூன்றாவது வழியாக, விளைநிலத்தில் மரம் வளர்க்கத் தமிழ்நாட்டின் பசுமைப் போர்வை இயக்கம் உண்டு. கன்று இலவசம், உயிரோடு நிற்கும் கன்றுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுக்கு ரூ.7 வீதம். 50 கன்று முழுதும் பிழைத்தால் ரூ.1,050. நின்றதை எண்ணிப் பணம் தருவது நேர்மையான முறைதான். ஆனால் ஒன்றரை அடி நெல்வரப்பில் தேக்கும் மகாகனியும் வைத்தால் நிழலில் நெல் போகும், வேரில் வரப்பு போகும். விளையின் எல்லைக்குச் சரி, வயலுக்கு வேண்டாம்.

களியக்காவிளையைத் தாண்டினால் வேறொரு முறை இருக்கிறது. கேரளம் 2020-இல் நெல்வயல் உடையவருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ரூ.2,000 ராயல்டியாகத் தரத் தொடங்கியது. எந்த உரம் போட்டாய் என்று அது கேட்பதில்லை. வயலை வயலாக வைத்திருக்கிறாயா என்று கேட்கிறது. தரிசு போட்டவரும் தானே பயிரிட்டாலோ பிறரிடம் கொடுத்துப் பயிரிட்டாலோ தகுதி பெறுகிறார். தொடங்கிய அந்தத் தொகை ஏக்கருக்கு ஏறத்தாழ ரூ.800, கைச்செலவுக் காசு. ஆனாலும் மனை போடக் கேட்டு ஆள் வரும்போது வயலுக்கும் அரசு ஒரு விலை வைத்திருக்கிறது என்று சொல்ல அது உதவும். சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு 2022-இல் ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற தகுதி, கிடைத்தது. அந்தக் குளங்களின் ஆயக்கட்டு வயல்கள் கட்டடமாகிக்கொண்டிருக்கும்போது இயற்கை உரத்துக்கு மட்டும் பணம் தருவது பாதி வேலை. இந்தத் தொகை இங்கும் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். இன்று கையெழுத்துப் போட நமக்கு அது இல்லை.

ரூ.4,000-ஐ எதில் செலவிடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம்: சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு பிடி வரப்பு மண். இத்தனையிலும் தழைச்சத்து கால் கிலோ அளவுதான். நெல்லுக்கு ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்து பரிந்துரை. கரைசல் நுண்ணுயிரைப் பெருக்கும். அவை உடைத்துக் கொடுக்க மண்ணில் ஏதாவது இருக்க வேண்டும். முதல் ஆண்டு விளைச்சல் விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

அதனால் பணத்தின் முதல் செலவு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப் பயிர்) விதையாக இருக்கட்டும். கும்பப்பூ அறுத்து, பிப்ரவரி இறுதியில் கால்வாய் அடைத்தபின் ஏப்ரல் கோடை மழையில் விதைத்தால், ஜூனில் தண்ணீர் திறக்கும்போது 45 நாள் பயிராக, பூக்கும் தறுவாயில் நிற்கும். நன்றாக வந்தால் 6 முதல் 8 டன் பச்சை, தழைச்சத்து 30 கிலோ வரை. மடக்கி உழுது ஒரு வாரம் தண்ணீர் கட்டி நடலாம். தண்ணீர் திறப்பு தள்ளிப்போனால் காத்திருக்காதீர்கள். 60 நாள் தாண்டிய தண்டு நார் ஏறிவிடும். அதை மட்க வைக்க நுண்ணுயிர் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ள, நட்ட நெல் மஞ்சளாகும். 45-ஆம் நாள் அரிவாளால் அடியோடு அறுத்து வயலிலேயே பரப்பிவிட்டு, தண்ணீர் வந்ததும் மிதித்து உழுங்கள்.

இரண்டாவது செலவு வேலி. உதவித்தொகை இரண்டு ஆண்டில் நின்றுவிடும். அதற்கடுத்த ஆண்டுகளைப் பற்றி, திட்டம் இவ்வளவு புதிதாக இருக்கையில், யாரும் அனுபவத்தால் பேச முடியாது. அதற்குள் தழைக்குச் சொந்த வழி இருக்க வேண்டும் என்பது மட்டும் உறுதி. முதல் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையிலேயே கட்டைவிரலைவிடத் தடித்த கிளைரிசிடியா கம்பை மூன்றடி நீளத்துக்கு வெட்டி, முக்கால் அடி ஆழத்தில், இரண்டடிக்கு ஒன்றாக மேற்கு எல்லையில் நடுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் மூன்றடி உயரத்தில் முதல் வெட்டு எடுக்கலாம். வளர்ந்த செடி ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ தழை தரும். நூறு செடி இருந்தால் கும்பப்பூவுக்கு, தக்கைப்பூண்டு போட இடைவெளி கிடைக்காத அந்தப் பூவுக்கு, தொழுவுரத்தோடு சேர்த்து மிதிக்க ஒரு தொகை கையில் இருக்கும்.