புளியரைப் பக்கம் பார்த்த ஓட்டு வீடு
செங்கோட்டையை அடுத்த புளியரைக்குப் பக்கத்தில் விலைக்கு வந்த தனி வீட்டைப் போன வாரம் போய்ப் பார்த்தோம். 12 சென்ட், ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, பின்னால் கிணறு, எட்டிப் பார்த்தால் நாலு உறை ஆழத்திலேயே தண்ணீர், அதைப் பார்த்ததுமே அம்மா பாதி சம்மதித்துவிட்டாள். இது சாரல் காலத்துத் தண்ணீர், பங்குனியில் வந்து பார்த்தால்தான் தெரியும். மேற்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, விரல் பட்டாலே சுண்ணாம்பு உதிர்கிறது. புரோக்கர் சரியாக அந்த இடத்தில்தான் கயிற்றுக் கட்டிலைச் சாய்த்து வைத்திருந்தார். செங்கோட்டைப் பக்கம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததல்லவா, மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது, படிக்க ஆள் பிடிக்க வேண்டும். வில்லங்கம் சுத்தம். பட்டா மட்டும் இன்னும் தாத்தா பேரில். வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்களா என்று கேட்டால், "ஒருத்தர் மட்டும் புனலூர்ல இருக்கார் சார், பேசிக்கலாம்" என்கிறார் புரோக்கர்.